நாற்பத்தேழாம் மனைக்கு ஒரு வில்லங்கச் சான்றிதழ்

ஆர்.வி. ரிசார்ட்டில் மனை வாங்கலாமா என்று தேடிக்கொண்டே இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா கிட்டத்தட்ட வாங்கிவிட்டார். அவருக்கும் கையெழுத்துக்கும் நடுவில் மிச்சமிருந்தது ஒரு காலைச் சாப்பாடு மட்டும்தான். அவரை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது ஒரு காந்தம். அந்தக் காந்தம் என்னுடையது. ஆகவே இது பயணக் கட்டுரை மட்டும் இல்லை, கொஞ்சம் வாக்குமூலமும்கூட.

நாங்கள் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மொத்தம் மூன்று பேர். அப்பா கோபிசெட்டிபாளையத்துக்காரர், பிளானோவில் மென்பொருள் வேலை. அம்மா சென்னைக்காரர், அவரும் அதே வேலை, வேறு கட்டடம். நான் பத்து வயதில் இங்கே வந்து இறங்கியவள். இப்போது பதினேழு. வீட்டில் எனக்கு வைத்த செல்லப் பெயர் வில்லங்கம். சர்க்கரை டப்பாவில் உப்பு, அப்பாவின் ஆபீஸ் மீட்டிங் நடுவே அவருக்குப் பின்னால் கல்யாண மண்டபப் படம், இப்படிச் சில சாதனைகளுக்காகக் கிடைத்த பட்டம்.

போன வருடம் அப்பாவின் நண்பர் ஒருவர் தம்முடைய ஆர்.வி.யை, அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியை, எங்கள் தெருவுக்கு ஓட்டி வந்து காட்டினார். அன்றைக்குப் பிடித்தது அப்பாவுக்குப் பைத்தியம். ஆர்.வி.யைப் பார்த்தவருக்கு வந்தது ஆர்வம். அந்த வண்டிகளை நிறுத்த ஏரிக்கரையில் மனை மனையாகப் பிரித்து விற்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆர்வம் ஆவேசமானது. ஒவ்வொரு மனையிலும் ஒரு சிமெண்டுத் தளம், தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, கழிவுநீர்க் குழாய். நீங்கள் போகும்போது வண்டியைக் கொண்டுபோய்ச் சொருக வேண்டியதுதான். ரிசார்ட்டில் நீச்சல் குளம், படகுத்துறை எல்லாம் பொது. மனை மட்டும் உங்களுடையது.

அப்பா சொன்ன காரணம் வேறு. ஆகஸ்டில் நான் கல்லூரிக்குப் போகிறேன். ரிச்சர்ட்சனில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. வீட்டிலிருந்து இருபத்தைந்து நிமிடம். "நீ ஹாஸ்டல்ல இருந்துக்க கண்ணு. வெள்ளிக்கிழமையானா நாங்க வந்து கூட்டிக்கறோம். மூணு பேரும் ஏரிக்குப் போயிரலாம். நமக்குன்னு ஒரு எடம்" என்றார். சேமிப்பில் பெரும்பங்கை அதில் போடத் தயாராக இருந்தார்.

சிக்கல் என்னவென்றால், பயணத்துக்கு நான்கு நாள் முன்னால் நியூ ஜெர்சியில் நான் உண்மையிலேயே ஆசைப்பட்ட கல்லூரியிலிருந்தும் மின்னஞ்சல் வந்துவிட்டது. இடம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. திறந்தேன், படித்தேன், மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஃபிரிஸ்கோவிலிருந்து அந்த ஊர் சுமார் ஆயிரத்து ஐந்நூறு மைல். வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிற தூரம் இல்லை.

மார்ச் மாதம், ஸ்பிரிங் பிரேக் விடுமுறையின் முதல் வெள்ளிக்கிழமை காலை 10.15-க்கு பிளானோவில் வண்டியை எடுத்தோம். இருபத்தெட்டு அடி நீளம். ஓர் இரவுக்கு 189 டாலர். ஓர் இரவுக்கு நூறு மைல் இலவசம், அதற்கு மேல் மைலுக்கு 45 சென்ட். சாதாரண ஓட்டுநர் உரிமமே போதும், ஆனால் சாதாரண தைரியம் போதாது. டோல்வேயில் ஏறும் வளைவில் அப்பா திரும்பிய திருப்பில் அம்மா "வீல்" என்றார். அது ஆங்கில வீல் இல்லை. அவர் மடியில் வைத்திருந்த சாம்பார் பாத்திரம் பின்பக்கப் படுக்கை வரைக்கும் பயணம் செய்திருந்தது. வாடகை விரிப்பு முழுக்க முருங்கைக்காய்.

"ஏங்க, இதுக்குத்தான் மனை வேணும்னீங்களா? சாம்பார் கொட்டறதுக்கு?"

"மனை இருந்தா அங்கயே வெச்சிருக்கலாமல்ல பாத்திரத்த."

"வீட்டுக்கு ஒரு ஹெச்.ஓ.ஏ. சங்கம் இருக்கு, புல்லு ஒரு இன்ச் வளந்தா லெட்டர் போடறான். இப்ப சக்கரத்துக்கும் ஒரு ஹெச்.ஓ.ஏ. வேணுமா உங்களுக்கு?"

மனை வாங்கும் முன் மனைவியைக் கேட்க வேண்டும் என்று தமிழ் எழுத்துக்களே சொல்கின்றன. அப்பாவுக்கு அது கேட்கவில்லை.

நெடுஞ்சாலை இருபதில் கிழக்கே போகப் போக கடைகள் குறைந்து பைன் மரங்கள் கூடின. 11.55-க்கு பெட்ரோல் போட நிறுத்தினோம். இருபத்தைந்து நிமிடம். அந்தக் கடையில்தான் 4.99 டாலருக்குக் கெளுத்தி மீன் வடிவத்தில் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை வாங்கினேன். அந்த நிமிடம் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. மீசை நன்றாக இருந்தது, வாங்கினேன்.

மதியம் 1.50-க்கு ரிசார்ட். மொத்தம் 122 மைல். ஊர் பெயரையும் ரிசார்ட் பெயரையும் எழுதப் போவதில்லை. அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், இந்த விஷயங்கள் எந்த ஏரிக்கரைக்கும் பொருந்தும். எங்களுக்கு இரவுக்கு 62 டாலருக்கு நாற்பத்தாறாம் எண் மனை. பக்கத்திலிருந்த நாற்பத்தேழு காலி. அதுதான் அப்பா குறிவைத்திருந்தது. எதிரே ஏரி, ஒரு ஓக் மரம், வாத்துகள். பார்த்ததும் எனக்கே பிடித்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். வானம் மட்டும் சாம்பல் மூடி போட்டிருந்தது. ஞாயிறு வரைக்கும் சூரியன் வராது என்று வானிலைச் செயலி சொன்னது. இந்த வரியை நினைவில் வையுங்கள்.

அப்பா கழிவுநீர்க் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் மேசையில் கிடந்தது. டைரி மாதிரி மூடித் திறக்கும் தோல் உறை. அப்பாக்களுக்கென்றே எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் அதைத் தைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த உறையின் அட்டைப் பையில், ஓட்டுநர் உரிமத்துக்கும் ஹனுமார் படத்துக்கும் பின்னால், கெளுத்தியைச் சொருகினேன். அவர் மனையில் வாஸ்து பார்க்கப் போகிறார் என்று தெரியும். போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வடக்கைத் தேடி ராட்டினம் சுற்றட்டும், படம் பிடிக்கலாம் என்பதுதான் திட்டம்.

அவர் சுற்றவே இல்லை. நாற்பத்தேழின் நடுவில் போய் நின்றார். போனைப் பார்த்தார். அவர் முகத்தில் திருப்பதி லட்டு கிடைத்த மாதிரி ஒரு வெளிச்சம்.

"கண்ணு, இங்க வா. ஏரி நேர் கெழக்கு. தண்ணிக் கொழா ஈசானிய மூலைல. கழிவுக் கொழா வாயு மூலைல. ஒரு இன்ஜினியர் வாஸ்து பாத்துப் போட்ட மாதிரி இருக்குதே!"

உண்மையில் ஏரி இருந்தது தெற்கே. கழிவுக் குழாய் இருந்ததுதான் ஈசானிய மூலை, சாமி இடம். தண்ணீர்க் குழாய் அக்னி மூலையில். கெளுத்தி மீன் உலகத்தைக் கால்வாசி திருப்பி வைத்திருந்தது, அதுவும் அச்சுப் பிசகாமல், ஊரிலேயே நல்ல வாஸ்து வரும்படி. ஈசானியம் இவ்வளவு ஈஸியாக அமையும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் கோல்ஃப் வண்டியில் டெனீஸ் வந்து இறங்கினார். ரிசார்ட்டின் விற்பனைப் பொறுப்பாளர், ஐம்பது வயது இருக்கும், இளஞ்சிவப்புத் தொப்பி. "ஹவ் ஆர் யால் டூயிங்!" என்றபடி ஒரு வரைபடத்தை நீட்டினார். அதில் வடக்கு அம்பு சரியாகவே போட்டிருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு என் காதருகே சொன்னார்: "அது விக்கறவங்க போடற வடக்கு. நம்ம வடக்கு போன்ல இருக்குது."

விலை 74,000 டாலர். மாதப் பராமரிப்புக் கட்டணம் 215. குத்தகை இல்லை, சொந்தப் பத்திரம் உண்டு. கோபிக்காரருக்கு அடுத்த கேள்வி ரத்தத்திலேயே இருக்கிறது. ஆங்கில வார்த்தை சமயத்துக்கு வரவில்லை.

"மேடம், எனி வில்லங்கம்?"

டெனீஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "வில்லாவா? வில்லா எதுவும் இல்லை சார். வெறும் மனைகள் மட்டும்தான்."

அம்மா திரும்பி நின்று ஏரியைப் பார்த்துச் சிரித்தார். முன்பண ஒப்பந்தத்தில் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கையெழுத்து என்று பேச்சு முடிந்தது. முன்பணம் 2,000. மூன்று நாளுக்குப் பிறகு மனசு மாறினால் திரும்பி வராது.

அன்று மாலை அப்பா எனக்கு வில்லங்கப் பாடம் எடுத்தார். ஊரில் சொத்து வாங்கினால் சார்பதிவாளர் ஆபீஸில் சான்றிதழ் போட வேண்டும். அடமானம், வழக்கு, பங்காளி, எல்லாம் அதில் வந்துவிடும். "ஒண்ணும் இல்லேன்னா 'நில்'னு வரும். நில் வந்தாத்தான் வாங்கோணும்."

"நில்லுன்னா நிக்கணும்தானேப்பா? எதுக்கு ஓடிப்போய் வாங்கறாங்க?"

"அது இங்கிலீஷ் நில்லுடா வில்லங்கம்!"

நில் என்றால் நிற்காமல் போகலாம். நிலத்தில் மட்டும்தான் இந்த விதி.

சனிக்கிழமை காலை 10.15-க்கு முருங்கைக்காய் விரிப்பைத் தூக்கிக்கொண்டு ரிசார்ட்டின் துணி துவைக்கும் அறைக்குப் போனேன். துவைக்க இரண்டரை டாலர், காயவைக்க இரண்டு. சில்லறை கொண்டுபோங்கள், அட்டை ஏற்காது. உள்ளே ஒரு பெண்மணி துண்டு மடித்துக்கொண்டிருந்தார். பெயர் மார்த்தா. நர்ஸ். அவருக்கும் அங்கே மனை இருக்கிறதாம், எண் எண்பத்தொன்று.

காயவைக்கும் இயந்திரத்துக்கு மேலே ஒரு கார்க் பலகை. அதில் வரிசை வரிசையாகச் சீட்டுகள். மனை விற்பனைக்கு, மனை விற்பனைக்கு, விலை குறைக்கப்பட்டது, மனை விற்பனைக்கு. எண்ணினேன். இருபத்து மூன்று. ரிசார்ட்டில் இருப்பதே நூற்றுப் பதினெட்டு மனைதான். முந்தின நாள் முழுக்கச் சுற்றியும் ஒரு மனையில்கூட விற்பனைப் பலகை பார்க்கவில்லை. அப்பா அதை ஒரு நல்ல அறிகுறியாகவே சொல்லியிருந்தார்: "பாத்தியா, ஒருத்தருக்கும் விக்க மனசு வல்ல."

"மனையில் பலகை வைக்கக் கூடாது, அது விதி. அதனால் எல்லாரும் இங்கே வந்து தொங்குகிறோம். மூன்றாவது வரிசையில் மஞ்சள் சீட்டு என்னுடையது. இரண்டு வருடமாகத் தொங்குகிறது. சூரிய வெளிச்சம் படாமலே வெளுத்துவிட்டது பார்" என்றார் மார்த்தா.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். இயந்திரம் நாற்பது நிமிடம் ஓடும், அவருக்கும் அவசரம் இல்லை. அவருடைய வண்டிக்குப் பதினோரு வயது ஆகிவிட்டதாம். பத்து வயது தாண்டிய வண்டியை உள்ளே நிறுத்த ஒவ்வொரு வருடமும் சங்கத்தின் அனுமதி வேண்டும். ஆக, மனைக்கு வயசாகாது, வண்டிக்கு வயசாகும். வாடகைக்கு விடலாம் என்றால் ரிசார்ட் அலுவலகம் மூலமாகத்தான், மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு. போதாததற்கு ஏரிக்கரைத் தடுப்புச்சுவர் சரிகிறது. அதைக் கட்ட மனைக்கு 4,800 டாலர் என்று மே மாதம் வாக்கெடுப்பு. டெனீஸ் இதைச் சொல்லவில்லையே என்றேன். "கேட்டீர்களா?" என்றார் மார்த்தா. கேட்கவில்லை. வில்லாவைத்தான் கேட்டோம்.

"எதற்காக வாங்கினீர்கள்?"

"மகனுக்காக. அவனுக்கு மீன் பிடிப்பதென்றால் உயிர். வாங்கி எட்டு மாதத்தில் ஓரிகனில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கட்டணம் கட்டுகிறேனே என்று நான் வந்து தூண்டில் போடுகிறேன். எனக்கோ அந்த வாடையே ஆகாது."

இதைத் தமிழில் சொன்னால்தான் சரியாக வரும். மீன் பிடிக்காதவர் மீன் பிடிக்கிறார். எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வந்தது, பாதியில் நின்றுவிட்டது. அவர் துண்டுகளை அடுக்கிக்கொண்டு, "மகனிடம் அப்போதே கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ஓரிகனுக்கு விண்ணப்பம் போட்டதே எனக்குத் தெரியாது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் காய்ந்த விரிப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிற வழியில் மூன்று தடவை மடித்தேன்.

மதியம் அப்பா தூங்கினார். அம்மா டெனீஸ் கொடுத்த விதிப்புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு பக்கம். "கொடி கட்டித் துணி காயப்போடக் கூடாதாம்டி. வெளிய ரெண்டு நாற்காலிக்கு மேல நிரந்தரமா போடக் கூடாதாம். நாம மூணு பேரு, ஒருத்தர் நின்னுட்டே இருக்கணும் போல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா உங்கப்பா மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் சொல்ல வரல. வாஸ்து கூடுச்சுன்னு குழந்தை மாதிரி குதிக்கறாரு. சொல்லு, நான் எப்படி வேணாம்பேன்?"

அதாவது, விதிப்புத்தகத்தையும் சுவரையும்கூட அப்பா சமாளித்துவிடுவார். அவரைப் பிடித்து வைத்திருந்தது கெளுத்தி மீனும் என் வாயில் இருந்த பூட்டும்தான். ஞாயிறும் மேகமூட்டம். சூரியன் வந்து என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. நானே உதிக்க வேண்டியதுதான்.

எனக்கு நேரில் சொல்லத் தெரியாது. விளையாட்டாகச் சொன்னால்தான் வரும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில், சார்பதிவாளர் ஆபீஸ் தமிழ் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து, எழுதினேன்.

"வில்லங்கச் சான்றிதழ். சொத்து: மனை எண் 47. தேடுதல் காலம்: வெள்ளி பிற்பகல் 1.50 முதல் சனி பிற்பகல் 4.00 வரை. கண்டறியப்பட்ட வில்லங்கங்கள் பின்வருமாறு.

ஒன்று. துவைக்கும் அறையில் 23 மனைகள் விற்பனைக்குத் தொங்குகின்றன.

இரண்டு. தடுப்புச்சுவர் சரிகிறது. மனைக்கு 4,800 டாலர், மே மாதம் வாக்கெடுப்பு.

மூன்று. வண்டிக்குப் பத்து வயது ஆனால் அது இங்கே விருந்தாளி.

நான்கு. விண்ணப்பதாரரின் போன் உறையில் ஒரு கெளுத்தி மீன் உள்ளது. ஏரி தெற்கே. ஈசானிய மூலையில் இருப்பது கழிவுக் குழாய்.

ஐந்து. விண்ணப்பதாரரின் மகளுக்கு நியூ ஜெர்சியில் இடம் கிடைத்துள்ளது. அவள் போக விரும்புகிறாள். வெள்ளிக்கிழமைகளில் வர இயலாது. முன்பே சொல்லாததற்கு வருந்துகிறாள்."

ஞாயிறு காலை எட்டு மணி. வெளி மேசையில் இட்லி, மிளகாய்ப்பொடி. அப்பா குளித்து நெற்றியில் கீற்று வைத்து, கையெழுத்துக்கென்றே கொண்டுவந்த இஸ்திரிச் சட்டையில் இருந்தார். தாளை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் மூன்றையும் படித்தபோது "ம்" என்றார். நான்காவதில் போனை எடுத்தார். ஹனுமாருக்குப் பின்னாலிருந்து மீசை எட்டிப் பார்த்தது. கெளுத்தியை மேசையில் வைத்துவிட்டுத் திசைகாட்டியைத் திறந்தார். முள் கால்வட்டம் திரும்பி நின்றது.

"அடிப்பாவி!" என்றார் அம்மா. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "ஏங்க, சாமி மூலைல டாய்லெட்டு! அதத்தான் ரெண்டு நாளா கும்பிட்டுட்டு இருந்தீங்களா?"

அப்பா சிரிக்கவில்லை. ஐந்தாவதில் இருந்தார். அதை முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தார். அவர் கையிலிருந்து தாளை வாங்கிப் படித்த அம்மாவின் சிரிப்பும் நின்றது.

"எப்ப வந்துது லெட்டரு?"

"போன திங்கட்கிழமைம்மா."

"ஆறு நாளு. சர்க்கரைல உப்பப் போட்டா ஆறு நிமிஷத்துல சொல்லிருவியேடி."

அப்பா இட்லியைப் பிய்த்தார், சாப்பிடவில்லை. "உனக்கு ரிச்சர்ட்சன் புடிச்சுதுன்னு நெனச்சேன் கண்ணு" என்றார். புடிக்கும்ப்பா, அது ரொம்பப் புடிக்கும் என்றேன். எது என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு என் தமிழ் நன்றாகவே புரியும். தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

9.50-க்கு இளஞ்சிவப்புத் தொப்பி வந்தது. அப்பா எழுந்து போய்க் கைகொடுத்தார். "நாட் டுடே, மேடம். லாட் ஆஃப் வில்லங்கம்."

டெனீஸ் அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னும் வில்லா வரவில்லை சார். ஆனால் உங்கள் நம்பரைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்."

11 மணிக்கு இடத்தைக் காலி செய்தோம். டெரல் என்ற ஊரைத் தாண்டியபோது அப்பா ஒரே வாக்கியம் பேசினார். "அங்க குளிரு பயங்கரமா அடிக்குமே." அம்மா, "கோட்டு வாங்கிக்கலாம்" என்றார். அவ்வளவுதான். மேகம் அன்றைக்கும் விலகவில்லை.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: வண்டி வாடகை இரண்டு இரவுக்கு 378, வண்டியைத் தயார்படுத்தும் கட்டணம் 95, போக வர 244 மைல் ஆனதால் கூடுதல் மைலுக்கு 19.80, இடத்துக்கு 124, பெட்ரோல் 75, எரிவாயு 11. மொத்தம் 702.80 டாலர். கெளுத்தி தனி. வண்டி காலனுக்கு ஒன்பது மைல்தான் கொடுக்கும். சாம்பாரை மூடி பூட்டும் டப்பாவில் கொண்டுபோங்கள்.

மனை வாங்க நினைப்பவர்களுக்கு நாங்கள் தாமதமாகக் கற்றுக்கொண்டவை சில. மாதக் கட்டணமும் சொத்து வரியும் சேர்த்து எங்கள் கணக்கில் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 4,080 டாலர் வந்தது. அதே பணத்தில் அதே ஏரிக்கரையில் அறுபத்தைந்து இரவு வாடகைக்குத் தங்கலாம், 74,000 தொடாமலே. அறுபத்தைந்து இரவுக்கு மேல் உறுதியாகத் தங்குவீர்களா என்பதுதான் முதல் கேள்வி. ஓய்வு பெற்றவர்கள், வருடத்தில் பாதி நாள் வண்டியிலேயே வாழ்பவர்கள், தாராளமாக ஆம் சொல்லலாம். அங்கே அப்படிச் சந்தோஷமாக இருக்கும் பலரையும் பார்த்தோம். பள்ளி, ஆபீஸ், சனிக்கிழமை நடன வகுப்பு என்று ஓடும் நம்மைப் போன்ற வீடுகள் விரல்விட்டு எண்ணிப் பார்க்க வேண்டும்.

பத்திரம் சொந்தமா, குத்தகையா, வெறும் உறுப்பினர் உரிமையா என்று எழுத்தில் கேளுங்கள். ஊர் வில்லங்கச் சான்றிதழின் வேலையை இங்கே டைட்டில் கம்பெனி செய்யும். ஆனால் சரிகிற சுவர் அதில் வராது. அதற்குச் சங்கத்தின் கடைசி இரண்டு வருடக் கூட்டக் குறிப்புகளையும் இருப்பு நிதி எவ்வளவு என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். வெள்ள வரைபடத்தில் மனை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கடன் வாங்கி வாங்குவதாக இருந்தால் வங்கியிடம் முன்பே பேசுங்கள், சக்கரம் வைத்த வாழ்க்கைக்கு எல்லா வங்கியும் கடன் கொடுக்காது. விதிப்புத்தகத்தில் வண்டி வயது, வாடகை, நாற்காலி, மூன்றையும் தேடுங்கள். முக்கியமாக, கையெழுத்துக்கு முன்னால் ஒரு தடவை துணி துவைக்கப் போங்கள். விற்பனை அலுவலகத்தில் கேட்டால் கிடைக்காத பதில் காயவைக்கும் இயந்திரத்துக்கு மேலே தொங்கும்.

வாஸ்து பார்ப்பவர்கள் வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். வீட்டில் பதினேழு வயதில் யாராவது இருந்தால் போன் உறையைத் திறந்து பாருங்கள். யாருக்காக வாங்குகிறீர்களோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டும் விடுங்கள். பதினேழு வயதுக்காரர்களே, கேட்கும் முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆறு நாள் அதிகம்.

திங்கட்கிழமை காலை பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனேன். கதவில் என் சான்றிதழ் இருந்தது. அப்பா வேலைக்குக் கிளம்பும் முன்னால் மாட்டியிருக்க வேண்டும். முதல் நான்கு வில்லங்கங்களையும் அவர் தொடவில்லை. ஐந்தாவதை மட்டும் நீல மையில் ஒரே கோடாக அடித்திருந்தார். பக்கத்தில், அவருடைய உருண்டையான கையெழுத்தில், தமிழில் ஒரே வார்த்தை.

நில்.

அது ஆங்கில நில்லா, தமிழ் நில்லா என்று நான் இன்னும் கேட்கவில்லை. நியூ ஜெர்சிக்குச் சம்மதக் கடிதம் அனுப்பியாகிவிட்டது. கல்லூரி முன்பணத்தை அப்பாதான் கட்டினார். கோட்டும் வாங்கியாகிவிட்டது. தாள் மட்டும் ஃபிரிட்ஜ் கதவிலேயே இருக்கிறது. ஏ.சி. காற்றுக்கு ஓரம் படபடக்கிறது, விழவில்லை. கெளுத்தி பிடித்துக்கொண்டிருக்கிறது.